குற்றம் செய்யாதவருக்கு எச்சரிக்கை மடல்: மின்னஞ்சல் வழங்கியைக் காப்பவரின் கடமை எங்கே போயிற்று?

2002 ஆம் ஆண்டு தொடக்கம் 2005 ஆம் ஆண்டு வரையான காலத்தில் மின்னஞ்சலைப் பயன்படுத்தியவர்கள் ஒருவகை மடலை மறந்திருக்க மாட்டார்கள். அதை எழுதியவர் என்று எவரும் இல்லை. ஏதோவொரு பல்கலைக்கழகத்தினதோ வணிக நிறுவனத்தினதோ மின்னஞ்சல் வழங்கி தானாகவே அதை அனுப்பியிருக்கும். தாங்கள் அனுப்பிய மடலில் புழு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அது தடுக்கப்பட்டுவிட்டது, தங்கள் கணினியை உடனடியாகத் துப்புரவு செய்யுங்கள் என்று அம்மடல் அறிவுறுத்தும். சில வேளைகளில் மிரட்டவும் செய்யும். ஆனால் அதைப் பெற்றவர் அப்படியொரு மடலை ஒருவருக்கும் அனுப்பியிருக்க மாட்டார். அனுப்பியதாகச் சொல்லப்பட்ட முகவரியை வாழ்நாளில் கண்டும் இருக்க மாட்டார்.

புலம்பெயர் தமிழ்க் குடும்பங்களில் இத்தகைய மடல் விளைவித்த கலக்கம் சிறிதன்று. வீட்டில் இருந்தது ஒரேயொரு கணினி. ஊரிலிருந்தும் உறவுகளிடமிருந்தும் வரும் செய்திக்கு அதுவே வாசல். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ யேர்மன் மொழியிலோ வந்த அந்தக் குற்றச்சாட்டை முழுவதும் விளங்கிக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளை எதையோ இறக்கிவைத்ததால் வந்த வினை என்று எண்ணினர். பிள்ளைகளோ, அம்மா எதையோ அழுத்திவிட்டார் என்றனர். காசு கொடுத்துக் கணினியை முற்றாக அழித்து மீளமைத்தவர்களும் உண்டு. அழிந்த படங்களும் மடல்களும் மீண்டு வரவில்லை. அந்தக் கணினியில் புழுவே இருந்திருக்கவில்லை என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

இந்த அநியாயத்துக்குப் புழுவை எழுதியவன் மட்டும் பொறுப்பாளி அல்லன். புழுவைக் கண்டுபிடிக்கவென்று நிறுவப்பட்ட மென்பொருளைச் சரியாக அமைக்காமல் விட்ட வழங்கி நிர்வாகிகளும், அப்படித் தவறாக அமையும்படியே அதை விற்ற நிறுவனங்களும் அதில் சரிபாதிப் பொறுப்பை ஏற்க வேண்டியவர்கள். இதைக் கடுஞ்சொல் என்று கருதுவோர், நடந்தவற்றை ஆண்டு வரிசையில் ஒருமுறை பார்க்கட்டும்.

1999 மார்ச் 26 ஆம் நாள் பரவத் தொடங்கிய மெலிசா, வேர்ட் ஆவணத்துக்குள் ஒளிந்திருந்த ஒரு மேக்ரோ. அது அவுட்லுக் முகவரிப் புத்தகத்தின் முதல் 50 முகவரிகளுக்குத் தன்னை அனுப்பியது. 2000 மே 4 ஆம் நாள் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' புழு, புத்தகத்தில் இருந்த அனைவருக்குமே தன்னை அனுப்பியது. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் கீழவை தன் மின்னஞ்சலையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. இவ்விரு புழுக்களும் தொற்றுண்டவரின் உண்மையான பெயரிலேயே சென்றன. ஆகவே அந்நாள்களில், மடலை அனுப்பியவருக்கு எச்சரிக்கை எழுதுவது உதவியாகத்தான் இருந்தது. தன் கணினி நோயுற்றிருப்பதை அவர் அறிந்துகொள்ள அதுவும் ஒரு வழி. வழங்கிக்கான நச்சுநிரல் தடுப்பு மென்பொருள்கள் 'அனுப்பியவருக்கு அறிவி' என்ற வசதியோடு வந்தமைக்கு இதுவே காரணம். அதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

கிளெஸ் என்ற புழு இந்நிலையை மாற்றியது. 2001 இறுதியில் தோன்றிய இப்புழுவின் 2002 ஆம் ஆண்டு வடிவங்கள், தொற்றுண்ட கணினியின் முகவரிப் புத்தகத்திலும் கோப்புகளிலும் கண்ட முகவரிகளுள் ஏதாவது ஒன்றை எடுத்து அதையே அனுப்புநர் என்று எழுதின. மின்னஞ்சலில் இது மிக எளிது. அஞ்சலுறையின் பின்புறத்தில் எவர் பெயரையும் எவரும் எழுதலாம்; தபால்காரர் அடையாள அட்டை கேட்பதில்லை. மின்னஞ்சல் நெறிமுறையும் அவ்வாறே, ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர் சிலர் பயன்படுத்திய காலத்து நம்பிக்கையில் எழுந்தது. மூன்றாமவர் ஒருவரின் கணினியில் புழு இருக்கும். அது இரண்டாமவர் பெயரில் முதலாமவருக்கு மடல் எழுதும். முதலாமவரின் வழங்கி அதைப் பிடித்து, இரண்டாமவருக்குக் குற்றச்சாட்டு அனுப்பும். மூன்றாமவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய கணினி தொடர்ந்து மடல் எழுதிக்கொண்டே இருக்கும்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சமூகத்தில் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கச் செயலாளர், கோவில் அறங்காவலர், தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் ஆகியோரின் முகவரிகள் ஒருவர் மற்றவரின் கணினியில் இருந்தே தீரும். அவர்களுள் எவரேனும் ஒருவர் தொற்றுண்டால், மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் புழு அனுப்பியவர்களாகக் காட்டப்படுவர். ஏற்கெனவே முகம் பாராமல் இருக்கும் இரண்டு அமைப்புகளுக்கு இடையே இப்படியொரு மடல் போனால், அது கணினிச் சிக்கல் என்று எவர் நம்புவார்?

கிளெஸ் அத்தோடும் நிற்கவில்லை. அதன் ஒரு வடிவம், கிளெஸ்ஸுக்கு எதிரான மருந்து என்றே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. தடுப்பு மென்பொருள் கூச்சலிட்டால் பொருட்படுத்த வேண்டாம் என்றும் சொன்னது. மருந்து என்று சொல்லி நோயைக் கொடுப்பது மனிதருக்குப் புதிதல்ல.

இனிச் சீற்றம் கொள்ள வேண்டிய இடத்துக்கு வருவோம். தடுப்பு மென்பொருள் அனுப்பிய அந்தக் குற்றச்சாட்டு மடலிலேயே புழுவின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது: கிளெஸ் என்று, பின்னர் சோபிக் என்று, மைடூம் என்று. அதாவது, பிடிபட்டது எந்தப் புழு என்பதை மென்பொருள் அறிந்திருந்தது. அந்தப் புழு அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதும் என்பதை, அதே நிறுவனத்தின் விளக்கக் குறிப்பே எடுத்துரைத்தது. இரண்டையும் அறிந்த பின்னரும் பொய்யென்று தெரிந்த முகவரிக்கே அந்த நிறுவனத்தின் மென்பொருள் மடல் எழுதியது. ஏன்? மடலின் அடியில் மென்பொருளின் பெயரும் சில வேளைகளில் அதன் இணைய முகவரியும் இருந்ததைக் கண்டவர்கள் விடையை ஊகித்துக்கொள்ளலாம். புழு இலவசமாகப் பரப்பிய விளம்பரம் அது.

2003 ஆகஸ்ட் 19 ஆம் நாள் வெளிப்பட்ட சோபிக்-எஃப், செப்டெம்பர் 10 உடன் தானாகவே பரவலை நிறுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. அந்த மூன்று வாரங்களில் அஞ்சற்பெட்டிகளை நிரப்பியது புழு மட்டுமல்ல. புழுவைப் பற்றிய எச்சரிக்கைகளும், முகவரி இல்லையென்று திரும்பிய மடல்களும் சேர்ந்தே நிரப்பின. 2004 சனவரி 26 ஆம் நாள் தோன்றிய மைடூம் இன்னும் ஒருபடி மேலே சென்று, 'மடல் சேரவில்லை' என்று வழங்கி எழுதும் அறிவிப்பின் வேடத்தையே அணிந்தது. மக்கள் அத்தகைய அறிவிப்புகளைத் திறந்து படிக்கப் பழகியிருந்தனர். தாம் அனுப்பாத மடலொன்று திரும்பி வந்திருக்கிறதே, அது என்ன என்று பார்க்கும் ஆவலில் இணைப்பை அழுத்தினர். அந்தப் பழக்கத்தை மக்களுக்கு ஏற்படுத்தியவை எவை? வேண்டாத அறிவிப்புகளை மழையெனப் பொழிந்த வழங்கிகளே.

நிர்வாகிகள் இதற்குச் சொன்ன விடை எல்லோரும் அறிந்ததுதான்: பயனர்கள் கவனமாக இருக்க வேண்டும், தெரியாத இணைப்புகளைத் திறக்கக் கூடாது. இந்த அறிவுரையின் போலித்தன்மையைத் தமிழரைவிட நன்கு அறிந்தவர்கள் இருக்க முடியாது. யூனிக்கோடு எங்கும் பரவுவதற்கு முன்னர், தமிழில் எழுதிய மடல் மறுமுனையில் தமிழாகவே தோன்றும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பாமினியில் எழுதியவர் ஒருபுறம், திஸ்கியில் எழுதியவர் மறுபுறம். ஆகவே கடிதத்தை வேர்ட் கோப்பில் எழுதி இணைத்தனர். எழுத்துருக் கோப்பையும் கூடவே இணைத்து, முதலில் இதை நிறுவுங்கள் என்று எழுதினர். மரண அறிவித்தலும் திருமண அழைப்பும் பாடசாலைப் பாடத்தாளும் இணைப்பாகவே வந்தன. இணைப்பைத் திறக்காதே என்பது, அந்த மக்களைப் பொறுத்தவரை, தமிழில் மடல் படிக்காதே என்பதற்குச் சமம். தெரிந்தவர் அனுப்பியதை மட்டும் திறக்கலாமே என்றால், புழு வந்ததே தெரிந்தவர் பெயரில்தான்.

கவனம் என்பதுகூட எந்த அளவுக்கு உதவியிருக்கும்? 'ஐ லவ் யூ' புழுவின் கோப்புக்கு டி.எக்ஸ்.டி என்றும் அதன் பின்னால் வி.பி.எஸ் என்றும் இரண்டு பின்னொட்டுகள் இருந்தன. விண்டோஸ் இயல்பாகவே கடைசிப் பின்னொட்டை மறைத்துவிடும் என்பதால், கண்ணுக்குத் தெரிந்தது வெறும் எழுத்துக் கோப்பு. கிளெஸ்ஸோ, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் பழைய குறையொன்றைப் பயன்படுத்தி, திருத்தம் நிறுவப்படாத கணினிகளில் மடலை முன்னோட்டமாகப் பார்த்தபோதே இயங்கியது. எதையும் அழுத்தாத தாயாரை அழுத்தினாய் என்று கடிந்துகொண்ட பிள்ளைகள் இதை இப்போதாவது அறிய வேண்டும்.

ஆகவே சுமை இருக்க வேண்டிய இடம் வழங்கி. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பேருக்குப் பாடம் நடத்துவதைவிட, ஆயிரம் பேரின் மடலும் கடந்து செல்லும் ஒரு வாசலில் ஒருவர் தம் வேலையைச் சரியாகச் செய்வது எளிது. அந்த வேலை என்ன என்பதை இளையோர் விளங்கிக்கொள்வது கடினமுமன்று.

ஒரு வழங்கி மற்றொரு வழங்கிக்கு மடல் கொடுக்கும்போது இரண்டுக்கும் இடையே சிறியதோர் உரையாடல் நடக்கிறது. யார் பேசுவது, யாரிடமிருந்து மடல், யாருக்கு என்று வரிசையாகச் சொல்லி, பின்னர் மடலின் உள்ளடக்கம் ஒப்படைக்கப்படும். பெறும் வழங்கி 250 என்ற எண்ணைச் சொன்னால் ஏற்றுக்கொண்டது என்று பொருள். அந்த நொடியில் மடலின் பொறுப்பு அதனுடையதாகிறது. 2001 ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 2821 என்ற நெறிமுறை ஆவணம், ஏற்ற மடலை உரியவரிடம் சேர்க்க வேண்டும், இயலாவிட்டால் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. பல நிர்வாகிகள் செய்த தவறு இங்கேதான் தொடங்கியது. முதலில் ஏற்றுக்கொண்டு, கதவை மூடி, பின்னர் ஆறுதலாகப் புழு உண்டா என்று சோதித்தனர். கண்டுபிடித்தபோது எதிரே எவரும் இல்லை; கையில் இருந்தது உறையின் மேல் எழுதிய பொய் முகவரி மட்டுமே. நெறிமுறையைக் காக்கிறோம் என்று சொல்லி அதற்கு எழுதினர்.

சரியான வழி, உரையாடல் முடிவதற்குள் சோதிப்பது. உள்ளடக்கம் வந்து முடிந்ததும், 250 சொல்வதற்கு முன், மடலைச் சோதனை மென்பொருளிடம் கொடுத்து, புழு என்றால் 550 அல்லது 554 என்று சொல்லி மறுத்துவிட வேண்டும். அப்போது மடல் கொண்டுவந்தவனிடமே தங்கிவிடும். கொண்டுவந்தது புழுவே என்றால், மறுப்பைக் கேட்டு அது எவருக்கும் மடல் எழுதப் போவதில்லை. கொண்டுவந்தது நேர்மையான ஒரு வழங்கி என்றால், அதன் நிர்வாகிக்குத் தன் வீட்டுக்குள் நோய் இருப்பது தெரியவரும். மூன்றாம் மனிதர் எவரும் துன்புற வேண்டியதில்லை. சென்ட்மெயிலில் 'மில்டர்' என்ற இடைமுகம் 2000 களின் தொடக்கத்திலேயே இதற்கு இடமளித்தது. போஸ்ட்ஃபிக்ஸ் 2006 ஆம் ஆண்டின் 2.3 பதிப்பிலிருந்து அதே இடைமுகத்தை ஏற்றது. கிளாம்ஏவி என்ற இலவசச் சோதனை மென்பொருளை அதனோடு இணைப்பது, ஆவணங்களைப் படிக்கும் பொறுமையுள்ள ஒரு மாணவருக்கு ஒரு வார இறுதி வேலை.

அவ்வாறு உரையாடலின் போதே சோதிக்க வசதியில்லாத இடத்தில், புழு என்று ஐயமறத் தெரிந்ததை ஓசையின்றி அகற்றிவிடலாம். இது நெறிமுறைக்கு மாறானது என்று ஒருகாலத்தில் வாதிட்டவர்கள், 2008 ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5321 ஐப் படிக்க வேண்டும். தீங்கிழைக்கும் மடல் என்று உறுதியாகத் தெரிந்தால், பொய் முகவரிக்கு எழுதுவதைவிட அகற்றுவதே மேலாகலாம் என்ற நிலையை அது ஏற்றுக்கொண்டது. அமாவிஸ் போன்ற மென்பொருளின் அமைவுக் கோப்பில், புழு மடலின் இறுதி முடிவு என்ன என்று கேட்கும் ஒற்றை வரி உண்டு. அகற்று, மறு, திருப்பி அனுப்பு, கடந்து போகவிடு ஆகிய நான்கில் ஒன்றை அவ்வரியில் எழுத வேண்டும். 'திருப்பி அனுப்பு' என்று எழுதியிருந்த வழங்கிகளே ஊரெல்லாம் குற்றச்சாட்டு மடல் அனுப்பியவை. அனுப்புநர் முகவரியைப் பொய்யாக எழுதும் புழுக்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. புதுப் புழு வரும்தோறும் பெயரைச் சேர்க்க வேண்டும். எத்தனை நிர்வாகிகள் சேர்த்தனர்? எல்லாப் புழுவும் பொய் சொல்லும் என்று கொண்டிருந்தால் பட்டியலே தேவைப்பட்டிராது.

உள்ளே வருவதைச் சோதித்தால் போதும், வெளியே போவது பிறர் கவலை என்ற எண்ணமும் ஒரு தன்னலமே. கிளெஸ், சோபிக், மைடூம் மூன்றும் தமக்கென ஒரு சிறு அஞ்சல் இயந்திரத்தைத் தம்முடனேயே கொண்டிருந்தன. அலுவலகத்தின் வழங்கியைத் தொடாமலே நேரடியாக உலகெங்கும் அனுப்பின. ஆகவே வழங்கியில் எத்தனை சோதனை வைத்தாலும், உள் வலையமைப்பிலுள்ள கணினிகள் 25 ஆம் துறை வழியாக நேரே வெளியே பேசுவதைத் தடுப்புச்சுவர் மறிக்காவிட்டால் பயனில்லை. உறுப்பினர் மடல் அனுப்பக் கடவுச்சொல்லோடு 587 ஆம் துறை இருக்கிறது. 25 ஆம் துறை வழியே வெளியே பேசும் உரிமை வழங்கி ஒன்றுக்கே போதும்.

புழுவின் அடையாளத்தைக் கொண்டு பிடிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. புதுப் புழு கிளம்பி, அதன் அடையாளம் எழுதப்பட்டு, வழங்கிக்கு வந்து சேரும் வரையான மணித்தியாலங்களில் வாசல் திறந்தே கிடக்கும். 2004 ஆம் ஆண்டின் முற்பகுதியில் பேகிள், நெட்ஸ்கை என்ற இரண்டு புழுக்களின் ஆசிரியர்கள் தமக்குள் போட்டியிட்டுப் புதிய வடிவங்களை அடுத்தடுத்து வெளியிட்டபோது, அந்த இடைவெளி மூடவே இல்லை. நெட்ஸ்கையை எழுதியவர் யேர்மனியைச் சேர்ந்த 18 வயது மாணவர் என்பது அவ்வாண்டு மே மாதத்தில் தெரியவந்தது. ஆகவே அடையாளத்தோடு கோப்பின் வகையையும் பார்க்க வேண்டும். இயங்கும் கோப்புகளாகிய ஈ.எக்ஸ்.ஈ, எஸ்.சி.ஆர், பி.ஐ.எஃப், வி.பி.எஸ் போன்றவை மின்னஞ்சலில் வரவேண்டிய தேவை ஒரு தமிழ்ச் சங்கத்துக்கு என்ன இருக்கிறது? பெயரை மட்டுமன்றி உள்ளடக்கத்தையும் பார்த்து வகையை முடிவுசெய்வதே முறை. பெயரை மாற்றுவது புழுவுக்கு ஒரு வேலையே அல்ல.

பேகிள் இதற்கும் ஒரு வழி கண்டது. தன்னைக் கடவுச்சொல்லிட்ட சிப் கோப்பில் பூட்டி, கடவுச்சொல்லை மடலிலேயே எழுதி அனுப்பியது. சோதனை மென்பொருள்கள் அந்த எழுத்தைப் படிக்கப் பழகியதும், கடவுச்சொல்லைப் படமாக வரைந்து அனுப்பியது. பூட்டிய பெட்டியைச் சோதிக்க இயலாது என்றால் அதை வாசலில் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதே பொதுப்புத்தி. ஆனால் எத்தனையோ வழங்கிகளில், சோதிக்க இயலாதது சோதனையில் தேறியதாகவே கருதப்பட்டு உள்ளே விடப்பட்டது. மறுபுறம், சிறிய சிப் கோப்பொன்று விரிக்கும்போது மலையளவாகி வழங்கியையே மூச்சுத்திணற வைக்கும் தந்திரமும் உண்டு. எத்தனை அடுக்கு வரை விரிப்பது, எவ்வளவு பருமன் வரை விரிப்பது என்ற எல்லைகளை நிர்வாகியே எழுதி வைக்க வேண்டும்.

இங்கே எழும் மறுப்பு ஒன்றுக்கு மதிப்பளித்தே ஆக வேண்டும். மடலை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை வழங்கி நிர்வாகியிடம் கொடுத்தால், அவர் எதை எதை நிறுத்துவார்? மடல் திறந்து பார்க்கப்படுவதன் பொருளை அறிந்த மக்களுக்கு இந்த அச்சம் இயல்பானது. ஆனால் எந்திரம் கோப்பின் வகையைப் பார்ப்பதும், மனிதர் கடிதத்தைப் படிப்பதும் வேறு வேறு. நிறுத்தி வைக்கப்பட்ட மடல் பற்றி அதைப் பெறவேண்டியவருக்கு அறிவிக்க வேண்டும்; அவர் சங்கத்தின் சொந்த உறுப்பினர், அவருடைய முகவரி பொய்யானதன்று. அவர் கேட்டால், எவரும் படிக்காமல் அது விடுவிக்கப்பட வேண்டும். இந்த ஒழுங்கை எழுத்தில் வைக்காத சங்கம் நிர்வாகியை நம்பச் சொல்வது முறையன்று. சோதனையே வேண்டாம் என்போருக்கு 2001 சூலையில் பரவிய சேர்காம் புழுவை நினைவூட்டலாம். தொற்றுண்ட கணினியிலிருந்த ஆவணமொன்றை எடுத்து, அதனோடு தன்னைச் சேர்த்து, கண்ட முகவரிகளுக்கெல்லாம் அது அனுப்பியது. அகதி விண்ணப்பத்துக்காக எழுதி வைத்த வாக்குமூலம் அந்த ஆவணமாக இருந்திருந்தால்?

மென்பொருளை நிறுவியதோடு கடமை முடிந்ததென்று கருதியவர்களுக்கு 2010 ஏப்ரல் ஒரு பாடம் நடத்தியது. கிளாம்ஏவியின் 0.95 க்கு முந்திய பதிப்புகள் இனிச் செயற்படா என்று அதன் குழுவினர் 2009 ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தனர். சொன்னபடி ஏப்ரல் நடுப்பகுதியில் பழைய பதிப்புகள் நின்றன. அவற்றோடு பல இடங்களில் மின்னஞ்சலும் நின்றது. குழுவினரைத் திட்டியவர்கள் ஏராளம். ஆறு மாத அறிவித்தலைப் படிக்காத தம்மை நொந்தவர்கள் சிலரே. எப்போதும் நிர்வாகியே குற்றவாளி என்றும் சொல்லிவிட முடியாது. 2022 சனவரி 1 ஆம் நாள், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 வழங்கிகளில் மடல்கள் வரிசையில் சிக்கி நின்றன. சோதனைப் பொறியின் புதுப்பிப்பு எண் 22 என்ற ஆண்டோடு தொடங்கி 2,201,010,001 ஆனது. அதை வைக்க ஒதுக்கிய இடமோ 2,147,483,647 க்கு மேல் கொள்ளாது. சோதனையை அணைத்துவிட்டு மடலை ஓடவிடுவதே அன்றைய அவசர வழியாயிற்று. அணைத்ததை மீண்டும் இயக்க மறந்தவர்களும் இருந்திருப்பர்.

சோதனை மென்பொருள் செயலிழந்தால் மடலை என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எவராவது தீர்மானித்திருக்க வேண்டும். சோதிக்காமல் உள்ளே விடுவது சோம்பேறியின் விடை. 451 என்று சொல்லி, பிறகு வா என்று கேட்டுக்கொண்டால், அனுப்பும் வழங்கி மடலை வைத்திருந்து மீண்டும் முயலும். நேர்மையான மடல் எதுவும் தொலைவதில்லை. ஆனால் அந்த இடைவெளியில் பழுது ஏற்பட்டிருப்பதை அறிய ஒரு மனிதர் வேண்டும். தமிழ் அமைப்புகள் பலவற்றில் அந்த மனிதரே இல்லை. பதினேழு வயதில் ஒரு பிள்ளை ஆர்வத்தோடு வழங்கியை அமைத்துக் கொடுக்கும். கைதட்டி ஒரு சான்றிதழும் கொடுப்பர். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும். கடவுச்சொல்லும் கூடவே போகும். மண்டப வாடகைக்கும் விழா மலருக்கும் ஒதுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க எந்தச் செயற்குழுவும் முன்வருவதில்லை.

இப்போதெல்லாம் பெருநிறுவனங்களின் சேவையில் மின்னஞ்சல் இருக்கிறது, இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். பெருமளவுக்கு உண்மைதான். ஜிமெயில் இயங்கும் கோப்புகளை ஏற்பதில்லை. 2017 முதல் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் மறுக்கிறது. இணையத்திலிருந்து வரும் ஆவணங்களின் மேக்ரோக்களை 2022 இல் மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்தது. மெலிசாவுக்குப் பின் 23 ஆண்டுகள் கழித்து. ஆயினும் எமோட்டெட், திருடிய பழைய மடல்களுக்கே பதில் எழுதுவது போல வந்து, பூட்டிய சிப் கோப்பையும் கடவுச்சொல்லையும் கொடுத்தது. 2021 சனவரியில் பல நாட்டுக் காவல்துறையினர் சேர்ந்து அதை முடக்கினர். அதே ஆண்டு நவம்பரில் அது திரும்பி வந்தது. பேகிளின் பழைய தந்திரம் 17 ஆண்டுகளுக்குப் பின்னும் பலித்தது என்றால், சோதிக்க இயலாததை உள்ளே விடும் அமைவுகள் இன்னும் இருந்தன என்பதே பொருள். தாயகம் பிரிந்து வாழும் மக்களைத் தேடி வரும் இணைப்புகள் இன்னும் கூர்மையானவை. 2009 மார்ச்சில் ரொறன்ரோ பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட 'கோஸ்ட்நெட்' அறிக்கை, திபெத்திய புகலிட அலுவலகங்களில் தொடங்கி 103 நாடுகளில் 1,295 கணினிகள் ஊடுருவப்பட்டிருந்ததைக் காட்டியது. அது தானாகப் பரவும் புழு அன்று, ஆள் குறித்து அனுப்பியது. வந்த வழி அதே மின்னஞ்சல் இணைப்பு.

சேவை யாருடையதாயினும் இணையப் பெயர் சங்கத்தினுடையது. அப்பெயரில் மடல் அனுப்பத் தகுதியுள்ள வழங்கிகள் எவை என்று அறிவிக்கும் எஸ்.பி.எஃப், மடலுக்குக் கையொப்பமிடும் டி.கே.ஐ.எம், பொய் மடலை என்ன செய்யலாம் என்று பிறருக்குச் சொல்லும் டிமார்க் ஆகிய மூன்றும் கிளெஸ் விட்டுச்சென்ற புண்ணுக்குக் காலந்தாழ்த்தி வந்த மருந்துகள். 2024 பெப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் பெருந்தொகையாக மடல் அனுப்புவோரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. பலர் டிமார்க் வரியில் 'ஒன்றும் செய்ய வேண்டாம்' என்ற சொல்லை எழுதிவிட்டு, கடமை முடிந்ததென்று இருக்கின்றனர். அறிக்கைகளைப் படித்துப் பார்த்து, சில வாரங்களில் அதைத் 'தனியே ஒதுக்கு' என்றும், பின்னர் 'மறு' என்றும் மாற்றுவதுதான் வேலை.

பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள் என்று பெருமைப்படும் பெற்றோரும், சங்கத்தில் இளையோருக்கு இடமில்லை என்று குறைப்படும் இளையோரும் அடுத்த பொதுக்கூட்டத்தில் சேர்ந்து கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. தடுப்பு மென்பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஐகார் என்ற 68 எழுத்துகள் கொண்ட தீங்கற்ற சோதனைக் கோப்பு உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதைச் சங்க முகவரிக்குக் கடைசியாக அனுப்பிப் பார்த்தது எப்போது, அது எங்கே நின்றது என்பதே அக்கேள்வி. கூடவே 'போஸ்ட்மாஸ்டர்' என்ற முகவரிக்கும் ஒரு மடல் எழுதலாம். மின்னஞ்சல் பெறும் ஒவ்வோர் இணையப் பெயரும் அந்த முகவரிக்கு வரும் மடலை ஏற்கவேண்டும் என்பது நெறிமுறையின் பழைய விதி; வீண்பழிக்கு ஆளானவர் முறையிட வைத்த கதவு அது. பதில் வர எத்தனை நாள் எடுக்கிறது என்று எண்ணிக்கொண்டு கூட்டத்துக்குப் போகலாம்.